தண்ணீர் அளவு எழுதாத கட்டம்

செப்டம்பர் 20, 2025. சனி.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். செய்முறை நோட்டில் உப்பின் எடையை எழுதிவிட்டு, பக்கத்தில் ‘தண்ணீர் அளவு’ என்று இருந்த கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன். மேலே 200 என்று ஓர் எண் மட்டும் இருந்தது. வஜீதா மிஸ் அதைப் பார்த்து, “இருநூறுன்னு போட்டிருக்கீங்க இல்ல, கட்டத்துலயும் எழுதிடுங்க” என்றார். தலையாட்டினேன். எழுதவில்லை. அந்த 200 தண்ணீரின் அளவு இல்லை, ரத்தத்தின் எடை என்று சொல்லவும் இல்லை. அதற்குள் வகுப்பில் சண்டை தொடங்கிவிட்டது.

வகுப்புக்கு வராத ஒருவர் படித்தாலும் புரியும்படி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது மிஸ் போட்ட விதி. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பு வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டைப்ரைட்டிங் நிலையத்தின் மாடியில் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி, மாலை ஆறரை முதல் எட்டரை வரை. பதினான்கு பேர். எல்லோருக்கும் பகலில் வேலை உண்டு. உயிரியல் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் மூன்று மாதம் அடிப்படை வேதியியல். நான் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவன். அணு, அயனி எல்லாம் எனக்கு இந்த மாடியில்தான் அறிமுகம். பகலில் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையின் கெமிக்கல் ஸ்டோரில் எடை போட்டுக் கொடுக்கிறேன்.

போன வாரப் பாடம் உப்பு. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். அதனால் தண்ணீர் இரண்டு வகை அயனிகளையும் சூழ்ந்துகொண்டு பிரித்து எடுத்துப் போகிறது. கரைவது என்பது இதுதான். செல்லின் சவ்வு வழியாகத் தண்ணீர் சுலபமாகப் போய்வரும். உப்பால் அப்படி முடியாது. எந்தப் பக்கம் உப்பு ஜாஸ்தியோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும்.

இதை ஆட்டு ரத்தத்தில் பார்ப்பதுதான் இன்றைய செய்முறை. மூன்று குழாய்கள். முதலில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் 0.9 சதவீத உப்புக் கரைசல், மூன்றாவதில் 3 சதவீதம். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு ரத்தம் விட்டு, குழாய்க்குப் பின்னால் காலண்டர் தாளைப் பிடிக்க வேண்டும். வெறும் தண்ணீரில் ரத்தச் செல்கள் ஊதி வெடித்துவிடும். திரவம் சிவப்புக் கண்ணாடி போலத் தெளிந்து, பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கலாம். 0.9இல் செல்கள் அப்படியே இருக்கும்; கலங்கலாக, எழுத்துத் தெரியாது. 3இல் செல்கள் சுருங்கும், அங்கும் கலங்கல்தான்.

ரத்தம் கொண்டுவந்தது அருணகிரி. வாலாஜா மார்க்கெட்டில் அவனுடைய மாமாவின் மட்டன் கடையில் வேலை செய்கிறான். உறையாமல் இருக்க மிஸ் கொடுத்த சிட்ரேட்டைக் கலந்து பாட்டிலில் கொண்டுவந்தான். கரைசல் செய்யும் வேலை எனக்கு. “எடை போடறதுதானே உங்க வேலை” என்றார் மிஸ். ரத்தத்தை எடை போட்டேன், 200 கிராம். பின்னறையில் கரைசல்களைச் செய்து, இரண்டு சின்ன பாட்டில்களில் ஊற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன்.

“புரட்டாசி சனிக்கெழம அதுவுமா ரத்தத்துல கை வெக்கணுமா மிஸ்?” என்று சௌமியா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

“நீ சாப்பிடவா போற? பாக்கத்தானே போற” என்றான் அருணகிரி.

மூன்று குழாயிலும் எழுத்துத் தெரிந்தது.

ஜெயப்பிரகாஷ்தான் முதலில் சொன்னான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங்கில் இருக்கிறான். வகுப்புக்கு வரும்போது வாயையும் கூட்டிக்கொண்டு வருவான். இரண்டாவது குழாய் வழியாக ராசிபலனைப் படித்தான். “மேஷம், லாபம். டேய் அருணகிரி, ஆட்டு ராசிக்கு லாபமாம்டா. பால்ல தண்ணி ஊத்துவாங்க தெரியும். ரத்தத்துலயுமாடா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“பாட்டில ரெண்டு நாள் வெயில்ல கவுத்து வெச்சேன் மிஸ். ஒரு சொட்டு தண்ணி இல்ல” என்றான் அருணகிரி.

மிஸ் என்னுடைய நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். 0.9 சதவீதம், உப்பு 1.8 கிராம். 3 சதவீதம், உப்பு 6 கிராம். மேலே 200. “கரைசல் கணக்கு சரியா இருக்கு. அப்போ ரத்தம் பாட்டில்லயே கெட்டுப் போயிருக்கணும். ஈரம் இருந்திருக்கும் அருணகிரி.”

அதோடு விட்டிருக்கலாம். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறது, அக்டோபர் 6 முதல். பெயரை வியாழக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். மதிப்பெண்ணில் முதலிடம் அருணகிரிக்கு. “அங்க போனா மனுஷங்க சாம்பிள். இப்படிக் கெட்டுப் போனா எப்படி? நான் யோசிக்கணும்” என்றார் மிஸ்.

அருணகிரி பாட்டிலைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டான்.

பார்த்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். குழாய் 1: எழுத்து நன்றாகத் தெரிந்தது. குழாய் 2: நன்றாகத் தெரிந்தது. குழாய் 3: தெரிந்தது, ஆனால் மங்கலாக. மங்கல் என்று நான் சொன்னபோது யாரும் கவனிக்கவில்லை. என் கண்ணில்தான் கோளாறோ என்னவோ.

செப்டம்பர் 21, ஞாயிறு.

அருணகிரிக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஞாயிறு, கடையில் கூட்டம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். புரட்டாசியில் என்ன கூட்டம் என்று பிறகு தோன்றியது.

மூன்றாவது குழாய் உறுத்திக்கொண்டே இருக்கிறது. செல்கள் பாட்டிலிலேயே வெடித்திருந்தால் மூன்று குழாயும் ஒரே மாதிரி தெளிந்திருக்க வேண்டும். வெடித்த செல் மறுபடி ஒட்டிக்கொள்ளாது. மூன்றாவதில் மங்கல் என்றால் அங்கே கொஞ்சம் செல்கள் முழுதாக இருந்தன. அப்படியானால் பாட்டிலிலிருந்து அவை முழுதாகத்தான் வந்தன.

இந்த யோசனை சரியா என்று தெரியவில்லை. மிஸ்ஸுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது?

இன்னொன்று. மதிப்பெண்ணில் இரண்டாவது நான். அருணகிரி இல்லையென்றால் வேலூருக்குப் போகும் பெயர் என்னுடையது. இதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். யோசித்ததையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 22, திங்கள்.

கண்டுபிடித்துவிட்டேன். தவறு என்னுடையது.

காலை ஒன்பது மணிக்குச் சூப்பர்வைசர் நிசார் பாய் சீட்டு அனுப்பினார். பிக்கிள் டிரம்முக்கு உப்பு. பிக்கிள் என்றால் தோலை உப்பும் அமிலமும் கலந்த தண்ணீரில் போட்டு டிரம்மில் சுற்றவிடுவது. சீட்டில் இருந்தது இதுதான்:

தோல் எடை 1500 கிலோ. தண்ணீர் 80%. உப்பு 8%.

வழக்கம்போல எழுதினேன். தண்ணீர் 1200 லிட்டர், உப்பு 120 கிலோ. எழுதிய கை நின்றுவிட்டது. 1200 லிட்டரில் 120 கிலோ என்றால், அந்தத் தண்ணீரில் உப்பு 10 சதவீதம். சீட்டில் இருப்பது 8.

எங்கள் ஸ்டோரில் சதவீதம் என்றால் எப்போதும் தோலின் எடையில் சதவீதம். உப்பு, அமிலம், சாயம், தண்ணீர்கூட அப்படித்தான். எதில் சதவீதம் என்று யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை. மூன்று வருடமாக நான் எழுதிய ஒவ்வொரு சீட்டும் அந்தக் கணக்குதான்.

சனிக்கிழமையும் அதையேதான் செய்திருக்கிறேன். ரத்தம் 200 கிராம். அதில் 0.9 சதவீதம் 1.8 கிராம் உப்பு. அதில் 3 சதவீதம் 6 கிராம். தண்ணீரை ஒவ்வொரு கேனுக்கும் ஒரு லிட்டர் விட்டேன், ரத்தத்தைப் போல் ஐந்து மடங்கு. ரத்தத்தைத் தோல் மாதிரி எடை போட்டு, டிரம்முக்குள் விடுகிற மாதிரி உப்புப் போட்டிருக்கிறேன்.

ஒரு லிட்டரில் 1.8 கிராம் என்றால் 0.18 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாவது குழாயில் 3 இல்லை, 0.6. அதனால்தான் அங்கே பாதி வெடித்து, பாதி நின்று, மங்கல்.

மிஸ் நோட்டைப் பார்த்தபோது 200ஐத் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். 200 மில்லியில் 1.8 கிராம் என்றால் சரியாக 0.9. நான் அந்தக் கட்டத்தில் ‘1000’ என்று எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருப்பேன். காலியாக இருந்ததால் என் தவறு சரியான விடை மாதிரி நின்றது.

இதில் வெட்கம் என்னவென்றால், உப்பு எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். பிக்கிளில் உப்புப் போடாமல் அமிலம் விட்டால் தோல் தண்ணீரைக் குடித்து ரப்பர் மாதிரி வீங்கிவிடும், அந்தத் தோல் போச்சு. அதே சங்கதிதான் ரத்தச் செல்லுக்கும். தோல் விஷயத்தில் தெரிந்தது ரத்த விஷயத்தில் எனக்குத் தோன்றவில்லை.

“இன்னா பரணி, சீட்ட வெச்சிக்கினு ஜபம் பண்றியா? டிரம் காலியா சுத்துது” என்று நிசார் பாய் வாசலில் நின்று கத்தினார். உப்பை அனுப்பினேன். பிறகு கழிவுநீர்ப் பிரிவில் இருக்கும் டிடிஎஸ் மீட்டரை ஒரு நாளுக்குக் கேட்டேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் கருவி, பேனா அளவுதான் இருக்கும்.

“எதுக்கு? பொண்ணு வூட்டுத் தண்ணிய டெஸ்ட் பண்ணவா?”

“நான் பண்ண தப்ப டெஸ்ட் பண்ண பாய்.”

“அதுக்கு இந்த மீட்டர் பத்தாது” என்று சொல்லிவிட்டுக் கொடுத்தார்.

நாளை வகுப்பில் சொல்ல வேண்டும். மிஸ்ஸிடம் தனியாகச் சொன்னால் போதுமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அருணகிரியைப் பார்த்து எல்லோரும்தான் சிரித்தார்கள்.

செப்டம்பர் 23, செவ்வாய்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன் எங்கள் தெரு போர் தண்ணீரில் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். 1,690.

வகுப்பில் பின்னறைக் கேன்களில் சனிக்கிழமை மிச்சம் இருந்தது. 0.9 என்று நான் சீட்டு ஒட்டிய கேனில் மீட்டரை விட்டேன். 1,760. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து அதில் விட்டேன். எட்டாயிரத்தைத் தாண்டியது. மீட்டரைத் துடைத்து இன்னொரு முறை பார்த்தேன். அதேதான்.

அருணகிரி வரவில்லை. மிஸ் வருகைப் பதிவு எடுத்து முடித்ததும் எழுந்து நின்றேன். கேனையும் மீட்டரையும் மேசையில் வைத்து, நேற்று எழுதியதைப் படித்தேன்.

படித்து முடித்தேன். பிறகு ஜெயப்பிரகாஷ், “அப்போ சனிக்கெழம நாம பாத்தது இன்னா கரைசல்?” என்றான்.

“எங்க தெரு போர் தண்ணி.”

சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆனது. சௌமியா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். “ரத்தத்துக்கு பிக்கிள் போட்டியா? அடப்பாவி, அடுத்து சாயம் ஏத்திடுவ போல.”

மிஸ் சிரிக்கவில்லை. என்னுடைய நோட்டைத் திறந்து அந்தக் காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “இது காலியா இருக்கறத நானும் பாத்தேன். கேக்கணும். கேக்காம மனசுக்குள்ளயே நிரப்பிக்கிட்டேன்.” நோட்டை மூடினார். “ஆனா பரணி, மீட்டர் உங்க கரைசல் தப்புன்னு காட்டுது. அருணகிரி கொண்டுவந்த ரத்தம் நல்லா இருந்துதுன்னு காட்டல.”

மூன்றாவது குழாயின் மங்கலைச் சொன்னேன்.

“அத நீங்க மட்டும்தான் பாத்தீங்க. வியாழக்கிழமை திரும்பச் செய்வோம். அவர் கையால வந்த ரத்தம், சரியான கரைசல். அன்னிக்கு ராத்திரிக்குள்ள நான் பெயர் அனுப்பணும். அவர் வரலன்னா அடுத்த பெயர்தான்.”

அடுத்த பெயர் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

செப்டம்பர் 24, புதன்.

காலை ஏழரைக்கே மார்க்கெட்டுக்குப் போனேன். கடையில் ஓர் ஆடுதான் தொங்கியது. அருணகிரி கட்டை முன்னால் நின்று எலும்பு வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தெரியாத ஆளிடம் கேட்பது மாதிரி, “இன்னா வேணும்? தொடையா, நெஞ்சா?” என்றான்.

“ரத்தம்.”

“எத்தன பர்சென்ட்?”

சௌமியா நேற்றே போனில் சொல்லிவிட்டாளாம். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது. இருந்தாலும் முதலிலிருந்து சொன்னேன். அவன் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“எல்லார் எதிர்லயும் சொன்னியா?”

“சொன்னேன்.”

“ஜெயப்பிரகாஷ் சிரிச்சானா?”

“ஜாஸ்தி.”

“யாரப் பாத்து?”

“என்னப் பாத்துதான்.”

கத்தியைத் துணியில் துடைத்தான். “சனிக்கெழம நீயும்தான் சிரிச்ச. நான் பாத்தேன். நீ போட்ட உப்பு, நீயே சிரிக்கற.”

“அப்போ எனக்குத் தெரியாது.”

“தெரியாமதான் எல்லாரும் சிரிச்சீங்க.” ஒரு வாடிக்கையாளர் வந்தார். கால் கிலோ போட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினான். “நான் வரலன்னா யாரு போறது?”

“நான்.”

“அப்போ ஏன் வந்த?”

“குழாய் மூணுல மங்கலா இருந்தது. அத எழுதி வெச்சிருக்கேன்” என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. அவன் கத்தியைக் கட்டையில் குத்தி வைத்தான்.

“பேஜார் புடிச்சவன்டா நீ” என்றான். “சரி. பாட்டில் வகுப்புலதான இருக்கு? நீயே கழுவு. நீயே காய வை. பிரியாணி கடை ஆர்டருக்கு நாளைக்கு காலைல ஆறு மணிக்கு ஆடு. நீயே வந்து பாட்டிலப் புடி. எவனாவது தண்ணின்னு வாயத் தொறந்தான்னா உன்னக் கை காட்டுவேன்.”

மிஸ்ஸுக்குப் போன் செய்து மாடிச் சாவியை வாங்கிப் பாட்டிலை எடுத்து வந்தேன். மூன்று முறை கழுவினேன். ஸ்டோர் ஷெட்டின் தகரக் கூரையில் கவிழ்த்து வைத்தேன். மதியம் வெயில் நன்றாக இருந்தது. நான்கு முறை ஏறிப் பார்த்தேன். நிசார் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “கவர்மெண்டு மருந்தாடா அது?” என்றார்.

செப்டம்பர் 25, வியாழன்.

காலை ஆறு மணிக்குப் பாட்டிலில் சிட்ரேட்டை ஊற்றிக்கொண்டு போனேன். நான் பிடித்தேன், அருணகிரி பக்கத்தில் நின்றான். சட்டையில் கொஞ்சம் பட்டது. பாட்டிலைக் கடை ஃபிரிட்ஜில் வைத்தோம். மாலை அவனே கொண்டுவந்தான்.

கரைசலை மேசை மேலேயே எல்லோர் முன்னாலும் செய்தேன். உப்பு 9 கிராம். தண்ணீர் விட்டு மொத்தம் ஒரு லிட்டர். உப்பு 30 கிராம். மொத்தம் ஒரு லிட்டர். இரண்டு கட்டங்களையும் நிரப்பிய பிறகுதான் ரத்தப் பாட்டிலின் மூடியைத் திறந்தேன்.

குழாய் 1: எழுத்து நன்றாகத் தெரிந்தது. குழாய் 2: தெரியவில்லை. குழாய் 3: தெரியவில்லை.

சௌமியா இரண்டாவது குழாய்க்குப் பின்னால் தன் ராசியைத் தேடினாள். “ஒண்ணுமே தெரியல மிஸ். வெறும் செவப்புச் சேறு.”

“அதான் சரி” என்றார் மிஸ். அருணகிரியைப் பார்த்தார். “சாம்பிள் நல்ல சாம்பிள். சனிக்கிழமையும் நல்லதாத்தான் இருந்திருக்கும். உங்களப் பத்தி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

ஜெயப்பிரகாஷ் அருணகிரியின் தோளில் கை போட்டான். அருணகிரி அதை எடுத்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டபோது விட்டுவிட்டான்.

பிறகு பாடம். மோல். சோடியத்தின் அணு நிறை 23, குளோரினுடையது 35.5. கூட்டினால் 58.5. 58.5 கிராம் உப்பு ஒரு மோல். ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் என்பது மோலாரிட்டி. 9ஐ 58.5ஆல் வகுத்தால் 0.154. நான் எழுத வேண்டியிருந்தது இதுதான்: லிட்டருக்கு 0.154 மோல். இந்த அளவில் லிட்டர் உள்ளேயே இருக்கிறது. ‘எதில்?’ என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சதவீதம் எழுதினால் எதில் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லி, என்னைப் பார்த்தார். எழுதிக்கொண்டேன். ஒரு மோலில் எத்தனை துகள்கள் என்ற எண்ணையும் எழுதினேன். அது எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை.

எட்டு பத்துக்கு மிஸ் போனில் பெயரை அனுப்பினார். அருணகிரியின் பெயர். அனுப்பியதை அவனிடம் காட்டினார். அவன் படித்துவிட்டு, இனிஷியல் சரியா என்று இன்னொரு முறை பார்த்தான்.

எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். கொஞ்சம் இருக்கிறது.

படி இறங்கும்போது பின்னாலிருந்து, “டேய் போர் தண்ணி, பஸ்ஸுக்கு நிக்கறியா?” என்று அருணகிரியின் குரல். ஸ்டாப் வரை இருவரும் நடந்தோம். வழியில் பாட்டிலைப் பற்றிச் சொன்னான். அந்தப் பாட்டில் அவனுடைய மாமாவுடையதாம், எண்ணெய் வாங்கும் பாட்டிலாம், வீட்டில் தேடுகிறார்களாம். அது என் பையில் இருந்தது.

நாளை: பாட்டிலை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஷெட் கூரையில் கவிழ்த்து வைத்து, மாலை ஐந்தரைக்குள் எடுத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, மட்டன் கடையில் கொடுக்க வேண்டும். டிடிஎஸ் மீட்டரைக் கழிவுநீர்ப் பிரிவில் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம்.